இருட்டறைப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட டிஸ்க் குறித்து நான் எழுதிக் கொடுப்பது

ஐயா,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எழுதத் தெரிந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. வரி நேராக நிற்காது, ஏறும், இறங்கும். சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து சிறிதாகவும் விழும். நான் சொன்னால் போதும், தானே எழுதிக்கொள்வதாக எழுத்தர் ஐயா சொன்னார். இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் அனுமதி கேட்டு நானே எழுதுகிறேன். சனிக்கிழமை காலை பத்தரைக்கு எழுத உட்கார்ந்தேன்.

பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றையும் படிவத்தின் மேல் கட்டங்களில் எழுதியிருக்கிறேன். முகவரி கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் மடங்கிப் போயிருக்கிறது, சேர்த்துப் படித்துக்கொள்ளவும். வயது அறுபத்தொன்பது. தொழில், எக்ஸ்ரே நிலையத்தில் உதவியாளர். அங்கே இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். என் மருமகள், அதாவது கப்பலில் வேலை செய்யும் என் மகனுடைய மனைவி, அதே நிலையத்தில் ஏழு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். அவள் மீது போன வியாழக்கிழமை இந்தக் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுக்கப்பட்டது. புகாரில் அவள் பெயர் இருக்கும்வரை எக்ஸ்ரே எடுக்கும் உரிமத்தை நிறுத்தி வைப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அந்தப் பெயர் நீங்க வேண்டும் என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

என் வேலை நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, படம் தயாரானதும் உறையில் போட்டுக் கொடுப்பது. ஒன்பது மாதத்துக்கு முன்புவரை உறையின் மேல் இருக்கும் பெயரை எனக்குப் படிக்கத் தெரியாது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து எலும்பைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு உறைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. இதை டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த வருடத் தொடக்கத்தில் நிலையத்துக் கம்ப்யூட்டரில் படம் வைக்க இடம் தீர்ந்துபோனது. நிலையத்தின் டெலிபோன், கம்ப்யூட்டர் ஒயர்களை மாதம் ஒருமுறை வந்து பார்க்கும் ஒருவர் உண்டு. அவரை ஒயர்காரர் என்றே எல்லோரும் சொல்வோம். அவர் ஒரு பெரிய சேமிப்புப் பெட்டியின் படத்தைக் காட்டி, அதைத் தன் மூலமாக வாங்கச் சொன்னார். டாக்டரம்மா விலையைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஒயர்காரர், அப்படியென்றால் இரண்டு வருடத்துக்கு முந்திய படங்களை அழித்துவிடலாம் என்றார். என் மருமகள் குறுக்கிட்டாள்.

"பழைய படம் இல்லாம, நுரையீரல்ல இருக்கற நிழல் நேத்து வந்ததா அஞ்சு வருஷமா இருக்கறதான்னு டாக்டர் எதை வெச்சுச் சொல்லுவாங்க? அழிக்க வேணாம். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு சும்மாதானே கிடக்குது, நானே ஒரு பெட்டி செஞ்சு தரேன்."

ஒயர்காரர் சிரித்தார். "நீங்க எலும்பப் படம் எடுக்கறவங்க. இது சமையல் இல்லம்மா, சர்வர்."

"சமையல்னா உங்களுக்குச் சுலபம்னு நெனப்பா?" என்றாள் மருமகள். டாக்டரம்மா செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் மருமகளும் அந்த வேலையைச் செய்தோம். முன்பு பதிவு மேசையில் இருந்து, வேகம் போதவில்லை என்று ஒதுக்கப்பட்ட கம்ப்யூட்டரை எடுத்தோம். உள்ளே இருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் நான் தட்டி எடுத்தேன். மெமரி என்று சொல்லும் பட்டையை அவள் பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கிப் பொருத்தினாள். முன்பக்கம் இழுப்பறை போல வெளியே வரும் இரண்டு தட்டுகள் பொருத்தினோம். அவற்றில் வைக்க இரண்டு புது டிஸ்க் வாங்கினோம். இரண்டும் ஒரே மாதிரி, ஒரே அளவு, ஆனால் ஒரு டிஸ்க்கை ஒரு கடையிலும் மற்றொன்றை வேறு கடையிலும் வாங்கச் சொன்னாள். எதற்கு இரண்டு கடைக்கு அலைய வேண்டும் என்று கேட்டேன். ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்த டிஸ்க்குகள் சில சமயம் ஒன்றாகவே படுத்துவிடும், அதனால்தான் என்றாள்.

அந்தப் பெட்டியின் வேலை இதுதான். நிலையத்தில் எந்த அறையில் படம் எடுத்தாலும் ஒயர் வழியாக இந்தப் பெட்டிக்கு வரும். வரும் படத்தைப் பெட்டி இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றுபோல எழுதி வைக்கும். ஒன்று கெட்டால் மற்றொன்று பார்த்துக்கொள்ளும். கெட்டதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் நல்ல டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் தானே அதில் எழுதிக்கொள்ளும். இதையெல்லாம் செய்கிற மென்பொருளை அவள் இணையத்திலிருந்து இறக்கினாள். அதற்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"சும்மா மாமா. இலவசம்."

"சும்மாவா? யாரு குடுக்கறது?"

"உலகத்துல எங்கெங்கயோ இருக்கறவங்க சேர்ந்து எழுதினது. எழுதினதைத் திறந்தே வெச்சிருக்காங்க. யார் வேணா எடுக்கலாம், படிக்கலாம், மாத்தலாம்."

"நாம யாருன்னே அவங்களுக்குத் தெரியாதே."

"தெரிய வேணாம்னுதான் வெச்சிருக்காங்க" என்றாள்.

அன்று சாப்பிடும்போதும் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நம்பர் உண்டு. கெட்டுப்போனால் எந்த நம்பர் டிஸ்க் கெட்டது என்று பெட்டி சொல்லும். அதனால் நம்பரைக் குறித்து வைக்க வேண்டும், நான் படிக்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்றாள். அவை ஆங்கில எழுத்துகள். மொத்தம் இருபத்தாறுதான் என்று சொன்னாள். இருநூற்று நாற்பத்தேழைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இருபத்தாறு ஒரு பொருட்டா என்று நினைத்து ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். நம்பர்களை என் வகுப்பு நோட்டில் எழுதினேன். நூலகத்தின் பின்னறையில் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. அங்கே வீட்டுப் பாடமாக ஒரு பக்கம் எழுதிப் போக வேண்டும். நான் அந்த இரண்டு நம்பரையும் பத்துப் பத்து முறை எழுதிக்கொண்டு போனேன்.

"இது என்ன தாத்தா, தகடு எழுதறீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"டிஸ்க்கோட பேரு டீச்சர்" என்றேன்.

ஒரு இடத்தில் 'எஸ்' என்ற எழுத்தைத் திருப்பிப் போட்டிருந்தேன். டீச்சர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார். தேதி மார்ச் பதினொன்று.

பெட்டியைப் பழைய இருட்டறையில் வைத்தோம். முன்பு பிலிம் கழுவிய அறை அது. இப்போது யாரும் போவதில்லை, குளிர்ச்சியாக இருக்கும். அலமாரியில் முன்பக்கம் எங்களைப் பார்க்கும்படி வைத்து, ஒரு தட்டுக்கு வலது என்றும் மற்றொன்றுக்கு இடது என்றும் பெயர் வைத்துக்கொண்டோம். பெட்டி சூடாகும்போது ஒட்டுக் காகிதம் உரிந்து விழுந்ததால் தட்டின் மேல் எதுவும் எழுதவில்லை. நோட்டில் மட்டும் இருந்தது.

இந்த இடத்தை ஐயா கவனமாகப் படிக்க வேண்டும். எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு வலது என்றால் எதிரில் நிற்பவருடைய வலது. படத்தைப் பார்க்கும்போதும் நோயாளி நம்மைப் பார்த்து நிற்பது போலவே பார்ப்போம். அவருடைய வலது கை நம்முடைய இடது கைப் பக்கம் இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் போகும் படத்தில் இது மாறினால் நல்ல காலை வெட்டிவிடுவார்கள். அதனால் இது எங்களுக்கு மூச்சு விடுவது போல. பெட்டியும் எங்களைப் பார்த்து நின்றதால் அதனுடைய வலதைத்தான் வலது என்று எழுதினோம். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளக்கூட இல்லை.

அதன் பிறகு நான்கு மாதம் பெட்டி ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. போன புதன்கிழமை காலை, இடது டிஸ்க்கில் பிழை ஏறுகிறது என்று மருமகளின் கம்ப்யூட்டரில் செய்தி வந்தது. வாங்கிய கடைக்குப் பேசினாள். வாரண்டி இருப்பதால் வெள்ளிக்கிழமை புது டிஸ்க் தருவதாகச் சொன்னார்கள். பதினொரு மணிக்கு டீ குடிக்கும்போது டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னாள். ஒயர்காரர் அன்று டெலிபோன் பார்க்க வந்திருந்தார், அவரும் அங்கே இருந்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எல்லாம் அந்த வலது டிஸ்க்கை நம்பித்தான் இருக்கு. அது பக்கம் மட்டும் யாரும் போகாதீங்க" என்றாள் மருமகள்.

ஒயர்காரர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, இதற்குத்தான் பெரிய பெட்டி வாங்கச் சொன்னேன் என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை மதியம் ஒன்றுக்கு நிலையத்தைச் சாப்பாட்டுக்காகச் சாத்தினோம். ஒயர்காரர் தோளில் பையோடு வந்து, இருட்டறையில் ஒரு ஒயர் பார்க்க வேண்டும் என்று சாவி கேட்டார். சாவியை எடுத்துக் கொடுத்தது நான்தான். பத்து நிமிடத்தில் திரும்பக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று பன்னிரண்டுக்கு மருமகளின் போனில் ஒரு செய்தி வந்தது. கையில் சோற்றோடு படித்துப் பார்த்தாள்.

"இடது முழுசாப் போயிடுச்சு மாமா. பரவாயில்ல, நாளைக்குப் புதுசு வந்துடும்" என்றாள். தானாகக் கெட்டுவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். இருட்டறைக்குப் போய்ப் பார்க்கவில்லை. அன்று முப்பத்தோரு நோயாளிகள்.

மூன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் ஐயாவும் எழுத்தர் ஐயாவும் ஒயர்காரரும் வந்தார்கள். மருமகள் ஒருவருக்கு மார்புப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "மூச்ச இழுத்துப் பிடிங்க, விடாதீங்க" என்று அவள் உள்ளே சொன்னது வெளியே கேட்டது. அதுவரை நானும் மூச்சை விடவில்லை. அவள் வெளியே வந்ததும் புகாரை வாசித்துக் காட்டினார்கள். நோயாளிகளின் படம் முழுவதும் இருக்கும் வலது டிஸ்க்கை அவள் வெளியில் விற்பதற்காக எடுத்துவிட்டாள் என்றும், பெட்டியில் இருப்பது திருட்டு மென்பொருள் என்றும் அதில் இருந்தது. அவள் போட்டிருந்த ஈயக் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மாட்டும்போது கை தவறி அது கீழே விழுந்தது. ஏழு வருடத்தில் அவள் கையிலிருந்து எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு எல்லோரும் இருட்டறைக்குப் போனோம். இரண்டு பேர் நிற்கும் இடத்தில் டாக்டரம்மாவோடு ஆறு பேர் நின்றோம். நம் வலது கைப் பக்கம் இருந்த தட்டு காலியாக இருந்தது.

"மதியம் ஒயர் பார்க்க வந்தப்பவே காலியாத்தான் சார் இருந்துச்சு" என்றார் ஒயர்காரர்.

"அப்பவே இவங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார்.

"டாக்டரம்மா மனசு கஷ்டப்படுவாங்கன்னு சார்."

"அதான் நேரா ஸ்டேஷனுக்கு வந்தீங்களாக்கும்" என்றார் டாக்டரம்மா.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் ஐயா மென்பொருளுக்கு பில் கேட்டார். பில் கிடையாது, விலையே கிடையாது என்று மருமகள் சொன்னாள். விலை இல்லாத பொருள் உண்டா என்று அவர் கேட்டார். அவள் திரையில் அதன் உரிமப் பக்கத்தைத் திறந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற வரியைக் காட்டினாள். அவர் அதை இரண்டு முறை படித்தார். முதல்முறை கேட்டபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"சரி, அது போகட்டும். படம்லாம் போச்சா இல்லையா?"

"ஒண்ணுகூடப் போகல சார். எந்த வருஷத்துப் படம் வேணும்னு சொல்லுங்க" என்றாள்.

எழுத்தர் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று வருடத்துக்கு முன் பைக்கில் விழுந்து கால் முறிந்தபோது இங்கேதான் படம் எடுத்ததாகச் சொன்னார். அவள் பெயரைத் தட்டினாள். படம் திறந்தது. முழங்காலுக்குக் கீழே தகடு, ஆறு திருகாணி, மேலிருந்து இரண்டாவது சற்றுச் சாய்ந்திருக்கும். பெயரைப் பார்க்காமலே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. அவர் காக்கி முகத்தோடு எனக்கு அறிமுகம் இல்லை, அந்தக் காலோடு நல்ல பழக்கம். எழுத்தர் ஐயா குனிந்து தன் காலைத் தடவிக்கொண்டார்.

ஒயர்காரர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அது எப்படி வரும்? நல்ல டிஸ்க்குதான் இல்லையே."

"இல்லாதது நல்லதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார்.

"நேத்து இந்தம்மாவே சொன்னாங்க சார், வலதுதான் நல்லதுன்னு. பாருங்க, வலதுதான் காலியா இருக்கு."

அப்போது நான் பேசினேன். "சார், அது பெட்டிக்கு இடது. எங்களுக்கும் அது இடதுதான். நீங்க என்னைப் பார்த்து நில்லுங்க, சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் ஐயா என்னைப் பார்த்து நின்றார். வலது கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். அது என் இடது கைப் பக்கம் இருந்தது. எக்ஸ்ரேக்காரர்களுடைய கணக்கை அவருக்கு விளக்கினேன். அவர் தூக்கிய கையை இறக்காமலே தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தார், பிறகு ஒயர்காரரைப் பார்த்தார்.

"அப்போ எடுத்தவன் நல்லதுன்னு நெனச்சுச் செத்தத எடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார்.

மருமகள், "பெட்டியோட வலதுபக்கம் இழுத்திருந்தா பதினோராயிரம் பேரோட படமும் போயிருக்கும் சார்" என்றாள்.

அதன் பிறகு ஒயர்காரரின் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே துணியில் சுற்றி ஒரு டிஸ்க் இருந்தது. அது தன் கடையில் உள்ள டிஸ்க், வேறு வேலைக்குக் கொண்டுபோவது என்றார். எல்லா டிஸ்க்கும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும் என்றும் சொன்னார். பார்க்க ஒரே மாதிரிதான், பெயர் வேறு என்று சொல்லி, என் சாப்பாட்டுப் பையிலிருந்து வகுப்பு நோட்டை எடுத்தேன். எழுத்தர் ஐயா டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டார். நான் நோட்டைப் பார்த்து இடது டிஸ்க்கின் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். அந்நியர் முன்னால் நான் எதையும் வாசித்தது அதுதான் முதல்முறை. பன்னிரண்டு முறை சரி என்றார்.

ஒயர்காரர் நோட்டை எட்டிப் பார்த்தார். "இது இப்ப மதியம் எழுதி வெச்சது சார். மாமனாரும் மருமகளும் கூட்டு" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. டீச்சரின் சிவப்பு வட்டத்தையும் தேதியையும் காட்டினேன். அதற்குப் பின்னால் நான் எழுதிய முப்பத்துச் சொச்சம் பக்கத்தையும் புரட்டிக் காட்டினேன். எல்லாவற்றிலும் சிவப்புக் கையெழுத்தும் தேதியும் உண்டு. டீச்சர் நேற்று இங்கே வந்து, அது தன் கையெழுத்துத்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். திரும்பிப் போட்ட 'எஸ்'ஸும் அவருக்கு நினைவிருக்கிறது. நோட்டு இப்போது இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் இருக்கிறது. வழக்கு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இன்னும் பதினாறு பக்கம் எழுதாமல் இருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை காலை கடையிலிருந்து புது டிஸ்க் வந்தது. மருமகள் பெட்டியைத் தொடக் கூடாது என்று அதுவரை யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அவள் தொடவில்லை. தன் பெயர் புகார்க் காகிதத்தில் இருக்கும்போது தன் கை அதில் பட வேண்டாம் என்றாள். அவள் வாசலில் நின்று சொல்லச் சொல்ல நானே தட்டில் டிஸ்க்கை வைத்துத் திருகினேன், நானே இடது பக்கம் தள்ளினேன். பத்தே காலுக்கு எழுதத் தொடங்கியது. எத்தனை விழுக்காடு முடிந்தது என்று திரையில் எண் ஓடும். நோயாளி ஒருவரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டு வந்து எண்ணைப் பார்ப்பேன், மறுபடி அடுத்தவரைக் கூப்பிடுவேன். நான்கு மணி இருபது நிமிடத்துக்கு நூறு வந்தது. பிழை பூஜ்யம் என்று அதன் கீழே இருந்தது. சத்தமாக வாசித்தேன். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் என்னவென்று தெரியாமலே கை தட்டினார்கள்.

அதே நேரத்தில் டாக்டரம்மா ஒரு அம்மாவின் மார்புப் படத்தை ஆறு வருடத்துக்கு முந்திய படத்தோடு வைத்துப் பார்த்து, அந்த நிழல் அப்போதே இருந்த பழைய தழும்பு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆறு வருடத்துக்கு முந்திய படம். ஒயர்காரர் அழிக்கச் சொன்னதில் அதுவும் ஒன்று.

ஆகவே, அந்த டிஸ்க்கை என் மருமகள் எடுக்கவில்லை என்றும், இருட்டறைச் சாவியை ஒன்று முதல் ஒன்று பத்து வரை ஒயர்காரர் மட்டுமே வைத்திருந்தார் என்றும், அதை அவர் கையில் கொடுத்தவன் நான் என்றும், பெட்டியில் இருக்கும் மென்பொருள் களவு அல்ல, கொடுத்தவர்கள் மனதாரக் கொடுத்தது என்றும் தெரிவித்துக்கொள்கிறேன். புகாரில் அவள் பெயர் இருக்கும் வரியை அடித்துவிட்டு, அடித்த இடத்தில் இன்ஸ்பெக்டர் ஐயா கையெழுத்திடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேற்படி வரியை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடித்துக் காட்டினார்கள். என் கண் முன்னால்தான் அடித்தார்கள். அடித்த கோடு நேராக இருந்தது. மருமகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு இன்னும் தெரியாது. இதை முடித்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஐயா இன்னொன்றும் கேட்டார். காவல் நிலையத்தின் பின்னறையில் நான்கு பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறதாம், வழக்குப் படங்கள் வைக்க அப்படி ஒரு பெட்டி செய்ய முடியுமா என்றார். முடியும். என்னென்ன வாங்க வேண்டும், எந்தக் கடையில் ஒன்று, எந்தக் கடையில் மற்றொன்று என்று பட்டியல் கேட்டார். மணி இரண்டே கால் ஆகிவிட்டது, விரல் மரத்துவிட்டது. அந்தப் பட்டியலை வரும் வாரம் என் கையாலேயே எழுதிக் கொண்டுவந்து தருகிறேன்.

இதில் உள்ள எல்லாம் நான் கண்டதும் செய்ததும்தான். ஒருவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றும் இல்லை. முடிவில் வாசித்துக் காட்டக் கேட்டேன் என்று எழுத வேண்டும் என எழுத்தர் ஐயா சொன்னார். நடந்தது அப்படி இல்லை. நான் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன். அவர் கேட்டார்.

(கையெழுத்து)